நிமிர்ந்த கொழுப்பு

பூபதி எழுந்து மோட்டாரைப் போட்டான். மேல்தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, மூலையைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பொங்கும்வரை அங்கேயே நின்றான். காப்பியைக் குடித்துத் தம்ளரைக் கழுவினான். குளித்தான். கொடியில் கிடந்த சட்டைகளில் கைக்கு வந்ததை எடுத்து இஸ்திரி போட்டான். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்தான். கடைசியாக, சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கோட்டின் மேல் வைத்து ஜிப்பை இழுத்தான். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தான்.

ராயக்கோட்டை ரோட்டு முக்கில் கம்பெனி பஸ் வந்தது. ஏறினான்.

போன ஆடியில் பொற்கொடி இறந்ததிலிருந்து காலைகள் இப்படித்தான். இப்போது மாசி. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். ஓசூரில் பனி இன்னும் விட்டபாடில்லை.

சிப்காட்டில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை வனஸ்பதி செய்தது. வீடுகளுக்குப் போகும் சின்ன டின் அல்ல. பேக்கரிகளுக்குப் போகும் பெரிய பெட்டிகள். டேங்கரில் வரும் எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூளைக் கலந்து, ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்படும். பூபதி கிருஷ்ணகிரி கல்லூரியில் வேதியியல் படித்தவன். ஒவ்வொரு பேட்ச்சும் எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை.

ஆனால் பேக்கரிக்காரர்களுக்கு டிகிரி புரியாது. பப்ஸ் எழுகிறதா, அடுக்கு அடுக்காகப் பிரிகிறதா, அதுதான் அவர்களுக்கு வேண்டும். அதனால் ஆய்வுக்கூடத்தின் கடைசி அறையில் ஓர் அடுப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள குலாம் ரசூல் இருந்தார். பழைய பேக்கரி மாஸ்டர். பேட்ச்சுக்கு ஒரு தட்டு பப்ஸ் சுடுவார். பூபதி ஸ்கேலை வைத்து உயரம் பார்ப்பான், ஒன்றை வெட்டி அடுக்கைப் பார்ப்பான், ஒரு கடி கடிப்பான். சோதனை முடிந்தது. மீதித் தட்டு மிஞ்சும். தின்கிற பொருளைக் குப்பையில் கொட்ட யாருக்கும் மனசு வராது. ஆய்வுக்கூடத்து ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அது அங்கே எழுதாத வழக்கம்.

“சார், இன்னிக்கு பேட்ச்ச பாருங்க. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நிக்கறாப்ல நிக்குது,” என்றார் குலாம் ரசூல்.

“உயரம்?”

“ஸ்கேல நீங்களே வைங்க. நான் வெச்சா, பாய் கூட்டிச் சொல்றார்னு சொல்வீங்க. சூரியகாந்தி எண்ணெய்ல போட்டிருந்தா இந்நேரம் படுத்திருக்கும் சார். நம்ம சரக்கு படுக்காது.”

பூபதி சிரிக்கவில்லை. அவன் சிரிப்பதில்லை என்பது குலாம் ரசூலுக்கும் தெரியும். ஆனாலும் தினமும் ஏதாவது சொல்வார். சொல்லிக்கொண்டே டப்பாவை வாங்கி, எண்ணெய்த்தாளை விரித்து, பப்ஸ் நொறுங்காமல் அடுக்கித் தருவார்.

அந்த டப்பா பொற்கொடி வாங்கியது. பையில் வரும்போது பப்ஸ் தூளாகிறது என்று மத்தூர் சந்தையில் தேடி, தட்டையாக, அகலமாக ஒன்றை வாங்கினாள். சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் டப்பாவைத் திறந்துவிடுவாள். இரண்டு அவளுக்கு. மிச்சம் அடுத்த தெருவில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போகும்.

இப்போது டப்பா நேராக அந்த வீட்டுக்கே போனது. தினமும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பூபதி அங்கே போய்க் கொடுத்துவிட்டு, முந்தின நாள் கொடுத்த டப்பாவைக் கழுவி வைத்திருப்பார்கள், அதை வாங்கிக்கொண்டு வருவான். மாற்றிக் கொடுக்க இதற்கென்றே மாமியார் ஜோதியம்மாள் இன்னொரு டப்பா வாங்கியிருந்தாள். ஏன் இன்னும் கொண்டுவருகிறான் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பொற்கொடி தூக்கத்தில் இறந்தாள். இருபத்தெட்டு வயசு. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்தவள் என்பதால் போஸ்ட்மார்ட்டம் நடந்தது, ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. சொந்தக்காரர்கள் சிலர் ஒதுங்கி நின்று பேசினார்கள். அவள் அப்பா சென்னப்பன்தான் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்து, “எங்க மாப்ளெ மேல ஒரு சந்தேகமும் இல்லைங்க, எழுதிக்கங்க” என்றார். இதய ரத்தக் குழாய் அடைத்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. அந்த வயசில் அது வருமா? அவளுக்கு இருந்தது தாடை வலி. அதற்குப் பல் டாக்டரிடம் போனார்கள். அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி நிற்கவில்லை. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்றார். அந்தப் பல்லைப் பிடுங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று ஆர்.டி.ஓ. கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றான். ஜோதியம்மாளும் கேட்டாள். “உங்களப் பாக்கணும்னு சொன்னா அத்தை” என்றான். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அதன்பின் கொஞ்சம் தூங்கினாள். இரண்டும் உண்மையில்லை.

அந்த மாசி மாதம் மேனேஜர் பூபதியைக் கூப்பிட்டார். பொட்டலத்தின் மேல் டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று அச்சிட வேண்டுமென்று விதி வரப்போகிறதாம். பெங்களூரில் ஒரு நாள் கூட்டம். போய்க் கேட்டுவிட்டு வா என்றார்.

ஓட்டல் ஒன்றின் குளிரூட்டிய அறை. எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர். விதியைப் பற்றி ஒருவர் பேசினார். பிறகு ஓர் இதய மருத்துவர் பேசினார். குட்டையாக வெட்டிய நரைத் தலை, பருத்திப் புடவை.

டிரான்ஸ் என்றால் என்ன என்று பூபதிக்கு அவர் சொல்லத் தேவையில்லை. எண்ணெயின் மூலக்கூறு முழங்காலை மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி. மடங்கி உட்கார்ந்தவர்களை நெருக்கி அடுக்க முடியாது. அதனால் எண்ணெய் ஓடுகிறது. ஹைட்ரஜனைச் செலுத்தும்போது சிலவற்றின் முழங்கால் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தவை தோளோடு தோள் நெருங்கி நிற்கும். அதனால்தான் கட்டிப்படுகிறது. அதனால்தான் பப்ஸ் எழுந்து நிற்கிறது. இதெல்லாம் கல்லூரியில் படித்தது. அது வாய்க்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பது பாடத்தில் இல்லை. அவனும் கேட்டதில்லை. உடம்புச் சூட்டில் உருகிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தான்.

மருத்துவர் திரையில் ஒரு ரத்தக் குழாயை வெட்டிக் காட்டினார். உட்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு. இதைக் குழாயின் பூச்சு என்று நினைக்காதீர்கள், இதுதான் குழாயை ஆள்வது என்றார். ரத்தம் வேகமாக வரும்போது இந்தச் செல்கள் துளியளவு ஒரு வாயுவை விடும். குழாய் உடனே தளர்ந்து வழிவிடும். மாடி ஏறும்போதும் ஓடும்போதும் நம் இதயத்துக்குள் நடப்பது இதுதான். ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பாலான தோல் உண்டு. நாம் சாப்பிடும் கொழுப்பு அந்தத் தோலில் போய்ச் சேருகிறது. நிமிர்ந்த கொழுப்பு அங்கே சேரச் சேரத் தோல் விறைக்கிறது. செல் வாயு விட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்வதில்லை, குழாய் தளர்வதில்லை. விரிப்பு வீங்கிப் பிசுபிசுக்கிறது. போகிற வெள்ளணுக்கள் அதில் ஒட்டுகின்றன. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது, நல்லது இறங்குகிறது. சுவருக்குள் கொழுப்பு சேர்ந்து மேடு தட்டுகிறது. ஒரு நாள் அந்த மேடு வெடிக்கும். அந்த இடத்தில் ரத்தம் உறையும். அவ்வளவுதான்.

அவர் மற்றவர்களைப் பார்த்துத்தான் சொன்னார். பூபதி குறிப்பெடுக்கவில்லை.

இடைவேளையில் டீயும் பப்ஸும் கொடுத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். பூபதி தட்டோடு அவரிடம் போனான்.

“மேடம், இருபத்தெட்டு வயசுல இது வருமா?”

“யாருக்கு?”

“என் மனைவிக்கு. வந்துடுச்சு.”

அவர் டீயை வைத்துவிட்டு அவனை ஓரமாக அழைத்துப் போனார். கன்னடம் கலந்த தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணோரத்தில் மஞ்சளாக மேடு இருந்ததா என்றார். இருந்தது. மஞ்சள் பூசிக் குளிப்பவள். அது தங்கிவிட்டது என்று அவன் கிண்டல் செய்திருக்கிறான்.

“நோடி, பாருங்க, அப்ப பொறப்புலயே கொலஸ்ட்ரால் ஜாஸ்தி இருந்திருக்கலாம். சில குடும்பத்துல அப்படி வரும். இது எவ்வளவு சாப்பிடுவாங்க?”

அவன் கையிலிருந்த பப்ஸ் தட்டைத்தான் அவர் காட்டினார்.

“தினமும். நான்தான் கொண்டுபோவேன்.”

அவர் அந்தத் தட்டை வாங்கி மேஜையில் வைத்தார். “இதனாலதான் போனாங்கன்னு என்னால சொல்ல முடியாது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னும் சொல்ல முடியாது. எரியறதுல ஊத்தின மாதிரி இருந்திருக்கலாம். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

“ஒரு தங்கச்சி.”

“அவங்களக் கூட்டிட்டு வாங்க. போனவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

மறுநாள் வேலைக்குப் போனான். குலாம் ரசூல் வழக்கம்போல டப்பாவை நிரப்பித் தந்தார். வழக்கம்போல வாங்கிக்கொண்டான். கூட்டத்தில் கேட்டது தலையில் இருந்தது. கை தன் பாட்டுக்கு டப்பாவைப் பிடித்திருந்தது. மாமனார் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அப்படித்தான்.

பொற்கொடியின் தங்கை தமிழ்செல்வி படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயசு. கடிகார உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி வேலை.

“என்னா மாமா, நேத்து ஆப்சென்ட்டு? பெங்களூர்ல படம் பாத்தீங்களா?”

“மீட்டிங்.”

“மீட்டிங்ல இன்னா குடுத்தாங்க?”

“பப்ஸ்.”

அவள் சத்தமாகச் சிரித்தாள். “எங்க போனாலும் உங்கள வுடாது போல!” டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தாள். எடுத்தவள் இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன?”

“பல்லு வலி மாமா. இது ஒரு வேடிக்கையான பல்லு. கம்பெனில மாடி ஏறினா வலிக்குது. ஏறி முடிச்சு நின்னா போயிடுது. நான் மாடி ஏர்றேன்னு பல்லுக்கு எப்பிடித் தெரியும்?”

உள்ளேயிருந்து ஜோதியம்மாள் குரல் கொடுத்தாள். “ஞாயித்துக்கெழம பல்லு டாக்டர்கிட்ட இட்டுனு போறேன் மாப்ளெ. பெரியவளுக்குப் பாத்தவருதான். வலிக்காம புடுங்குவாரு.”

பூபதி தமிழ்செல்வியின் கையிலிருந்த பப்ஸை வாங்கினான். டப்பாவில் போட்டான். டப்பாவையும் வாங்கி மூடினான். திரும்பி நடந்தான்.

“மாமா?”

ஜோதியம்மாள் ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். “மாப்ளெ! மாப்ளெ, என்னாச்சு? குடுத்தத ஏன் வாங்கிக்கினு போறீங்க?”

அவன் நிற்கவில்லை. தெருமுனைச் சாக்கடையோரம் டப்பாவைக் கவிழ்த்தான். ஒரு நாய் வந்து மோந்தது. அதையும் விரட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சென்னப்பன் வந்தார். தொரப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் மேஸ்திரி. காம்பு கோணியது, இதழ் கருகியது என்று பெங்களூர் வியாபாரி கழித்துப் போட்ட பூக்களில் ஒரு கட்டு எப்போதும் அவர் கையில் இருக்கும். அன்றும் இருந்தது. அதை நாற்காலியில் வைத்துவிட்டு, தான் கீழே உட்கார்ந்தார். பூபதியும் எதிரே உட்கார்ந்தான்.

“சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது மாப்ளெ. வருஷம் திரும்பறதுக்குள்ள இதப் பேசறது மொறையில்ல. ஆனா சொந்தக்காரங்க வாய மூட முடியல. சின்னவள அவருக்கே குடுத்துடு, வேற வூட்டுப் பொண்ணு அந்த வூட்டுக்குள்ள எதுக்குங்கறாங்க. ஜோதிக்கும் அதே நெனப்பு. நீங்களும் தெனம் தப்பாம வர்றீங்க, டப்பா குடுக்கறீங்க. நாங்களா ஒண்ண நெனச்சுக்கினோம். இப்ப குடுத்தத திருப்பி வாங்கிக்கினு போயிட்டீங்க. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடுங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல.”

டப்பாவுக்கு இப்படி ஓர் அர்த்தம் ஏறியிருந்தது பூபதிக்குத் தெரியாது. யாரோ வேறொருவன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மாமா, அது பல்லு வலி இல்ல. பெங்களூர்ல ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. தமிழ்செல்விக்கு ரத்தம் பாக்கணும். நெஞ்சு பாக்கணும்.”

“நெஞ்சா?” சென்னப்பன் முதுகை நிமிர்த்தினார். “கல்யாணம் ஆவாத பொண்ண நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதா? அக்காளும் அப்பிடி, தங்கச்சியும் அப்பிடின்னு பேரு கட்டிடுவானுங்க. அப்பறம் எவன் வருவான்? பல்லு டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. இன்னிக்கு சாயங்காலம் போறோம். அத வுடுங்க. நான் கேட்டதுக்குச் சொல்லுங்க.”

“மொதல்ல ரத்தம் பாருங்க மாமா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.”

சென்னப்பன் அவனை உற்றுப் பார்த்தார். முகம் மெதுவாக மாறியது.

“ஓ,” என்றார். “அப்பிடியா. மூத்தவ மாதிரி இவளும் பாதில போயிடுவாளான்னு பாத்துக்கினு கட்டிக்கறதா. ஆர்.டி.ஓ. முன்னால நின்னு எழுதிக்கங்கன்னு சொன்னவன் நானு. என்கிட்ட கேக்கற கேள்வியா மாப்ளெ இது?”

அதுக்கில்ல மாமா என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் இந்த மனுஷன் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போவார். சாயங்காலம் பல் டாக்டர் இன்னொரு பல்லைப் பிடுங்குவார். பூபதி வார்த்தையை விழுங்கினான்.

“ஆமாங்க,” என்றான். “பாத்துட்டுத்தான்.”

சென்னப்பன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி. இட்டுனு போறேன். என் பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லன்னு சீட்டு வாங்கியாந்து உங்க கையில குடுக்கறேன். அதுக்கப்பறம் நீங்க கால்ல வுழுந்து கேட்டாலும் பொண்ணு இல்ல.”

ரோஜாக்கட்டு நாற்காலியிலேயே இருந்தது. 

மறுநாள் காலை பஸ் முக்கில் தமிழ்செல்வி நின்றிருந்தாள். அவள் கம்பெனி பஸ் வேறு முக்கில் வரும். இவனுக்காகத்தான் வந்திருந்தாள்.

“மத்தூர் சந்தைல மாட்ட வாங்கறவன் வாயத் தொறந்து பல்லு பாப்பான். நீங்க ரத்தம் பாக்கறீங்களா மாமா? எம்எஸ்ஸி படிச்சா அப்பிடித்தான் பாக்கணுமா?”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூபதி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான். அவள் பின்னாலேயே வந்தாள்.

“ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. உங்களக் கட்டிக்கற எண்ணம் எனக்குக் கனவுலயும் இல்ல. அக்கா பொடவயக் கட்டிக்கினு அக்கா வூட்ல நிக்கறதுக்கு நான் ஆளில்ல.”

“தெரியும். எனக்கும் இல்ல.”

 “அப்பறம் என்னாத்துக்கு எங்கப்பாகிட்ட அப்பிடிச் சொன்னீங்க? நேத்திலேர்ந்து மனுஷன் சோறு திங்கல.”

“இல்லன்னா அவர் வர மாட்டார்.”

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு.” பூபதி அவளுடைய தாடையைப் பார்த்தான். “பொற்கொடிக்கும் மாடி ஏறினா வலிச்சுது. நின்னா போயிடும். அவளும் பல்லுன்னுதான் சொன்னா. நானும் பல்லுன்னுதான் நெனச்சேன்.”

 தமிழ்செல்வியின் கை தானாகத் தாடைக்குப் போனது. போன கையைச் சட்டென்று கீழே இறக்கினாள்.

“பயமுறுத்தறீங்களா மாமா?”

“ஆமா.”

அவன் பஸ் வந்து நின்றது. “வர்றேன்னு அப்பாகிட்ட சொல்றேன்,” என்றாள். “ஆனா உங்க மேல கோவமாத்தான் இருப்பேன். இல்லன்னா அவருக்கு சந்தேகம் வந்துடும்.” 

அன்று டப்பாவை நீட்டாமல் பூபதி நின்றதைக் குலாம் ரசூல் கவனித்தார்.

“மறந்துட்டீங்களா சார்?”

“இனிமே வேண்டாம் பாய்.” கூட்டத்தில் கேட்டதைச் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். குலாம் ரசூல் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எங்க வூட்டுக்கும் போவுதே சார். வூட்டுக்காரி வஜிஹா டீக்குத் தொட்டுக்க ரெண்டு எடுத்து வெச்சுடுவாளே.”

“நிறுத்துங்க.”

“சரி, நிறுத்தறேன். ரோட்டுல இருக்கற பேக்கரிக்கெல்லாம் போவுதே, அதுக்கு?”

 அன்றைய தட்டில் பப்ஸ் வரிசையாக எழுந்து நின்றுகொண்டிருந்தது. பூபதி ஸ்கேலை எடுத்து உயரம் பார்த்தான். அதுதான் வேலை.

அந்த வாரமே மூன்று பேரும் பெங்களூர் போனார்கள். அத்திப்பள்ளி தாண்டியும் சென்னப்பன் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.  தமிழ்செல்வி சொன்னபடி கோபமாக இருந்தாள். பூபதி கொடுத்த தண்ணீர் பாட்டிலை வாங்க மறுத்தாள்.

மருத்துவர் தமிழ்செல்வியைப் பார்ப்பதற்கு முன்னால் சென்னப்பனைத்தான் பார்த்தார். எழுந்து வந்து, அவருடைய கண்ணோரத்தில் இருந்த மஞ்சள் மேட்டை விரலால் தொட்டார்.

“இது எத்தன வருஷமா இருக்கு?”

“அது பொறந்ததுலேர்ந்து இருக்கறதுங்க. எங்கப்பாவுக்கும் இருந்துது.”

“அவர் எப்படிப் போனார்?”

“கழனில ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. அப்பிடியே உக்காந்தாரு. போயிட்டாரு. நல்ல சாவுன்னாங்க.”

 மருத்துவர் தமிழ்செல்வியை ரத்தம் எடுக்க அனுப்பினார். பிறகு, ஓடும் பட்டைமேல் தமிழ்செல்வியை நடக்கவிட்டு இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாகச் சென்னப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை கொஞ்சம் வேகமெடுத்தது. அவள் இடது கையால் தாடையைப் பிடித்தாள். யாரோ பட்டையை நிறுத்தினார்கள். இரண்டு நர்ஸுகள் ஓடினார்கள்.

அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுநாள் குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தபோது, இதயத்தின் முன்பக்கக் குழாய் ஓரிடத்தில் நூலாகியிருந்தது. அங்கேயே விரித்து, கம்பிவலை மாதிரி ஒரு ஸ்டென்ட்டை வைத்தார்கள்.

முடிந்ததும் மருத்துவர் வெளியே வந்தார். “பொழைச்சுட்டா. மாத்திரை வாழ்க்கை பூரா சாப்பிடணும். இது உங்க குடும்ப ரத்தத்துலயே இருக்கு, உங்களுக்கும் பாக்கணும். அந்தக் கொழுப்பு இனிமே வீட்டுக்குள்ள வரக் கூடாது. இருக்கற வியாதிக்கு அதுவும் சேர்ந்தா குழாய் தாங்காது.” போகத் திரும்பியவர் நின்றார். “யார் உங்கள இங்க கூட்டிட்டு வந்தது? இவர்தானே? இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா பல்லத்தான் புடுங்கியிருப்பீங்க.”

அவர் போன பிறகு இருவரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜோதியம்மாளுக்குப் போன் செய்ய வேண்டும் என்று சென்னப்பன் சொன்னார். ஆனால் எழவில்லை. வெகுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜா முள் குத்திய கை.

“சீட்டு வாங்கியாந்து குடுக்கறேன்னேன்,” என்றார். “வாங்கியாச்சு மாப்ளெ.”

“மாமா, நான் அதுக்காகக் கேக்கல.”

“எதுக்காக?”

“கட்டிக்கறதுக்காக. எனக்கு அந்த எண்ணமே இல்ல. அவளுக்கும் இல்ல. நீங்க இங்க வரணும், அவ்வளவுதான்.”

சென்னப்பன் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். “அப்ப அன்னிக்கு ஆமாங்கன்னு சொன்னீங்களே.”

“இல்லன்னு சொன்னா பல்லு டாக்டர்கிட்ட போயிருப்பீங்க.”

“நான் உங்கள எவ்ளோ கேவலமா நெனச்சுக்கினு இருந்தேன் தெரியுமா? ராத்திரியெல்லாம் வஞ்சேன். ஜோதிகிட்ட சொல்லிச் சொல்லி வஞ்சேன்.”

“வந்தீங்கல்ல மாமா.”

சென்னப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஒரு வார்டு பையன் தள்ளுவண்டியோடு கடந்து போனான். பூபதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுவதற்கு அவனுக்கும் நேரம் இருந்தது. அழுகைதான் வரவில்லை.

துண்டை எடுத்தபோது சென்னப்பனின் குரல் தணிந்திருந்தது.

“பெரியவளுக்கும் இதேதானா?”

“இதேதான்.”

“தாடையப் புடிச்சுக்கினு இருந்தாளா அன்னிக்கும்?”

“ஆமா.”

“அந்த ஆபீஸர் கேட்டப்ப ஒண்ணும் சொல்லலன்னீங்க. ஜோதிகிட்ட அம்மாவக் கேட்டான்னீங்க. ரெண்டுல ஒண்ணுதான நெசமா இருக்க முடியும். நான் அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல. இப்ப கேக்கறேன். என் பொண்ணு கடைசியா என்னா சொன்னா மாப்ளெ?”

மூன்றாவதாகவும் ஒரு பொய் பூபதியிடம் இருந்தது. சென்னப்பனுக்கென்றே எடுத்து வைத்திருந்தது: அப்பாவைக் கேட்டாள் என்று. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தமிழ்செல்வி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, அந்தப் பொய்யைச் சொல்லாமல் விட்டு, நடந்ததைச் சொன்னான்.

பொற்கொடி இறந்த அன்று சாயங்காலம் தங்கை தமிழ்செல்வி வந்திருந்தாள். டப்பாவில் பப்ஸ் மீதி இல்லை. அவள் முறைத்துக்கொண்டு போனதைச் சொல்லிப் பொற்கொடி சிரித்தாள். சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள். படுத்தாள். பூபதி விளக்கை அணைத்தான். தாடைக்கு அடியில் கையை வைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் சொன்னாள்:

“ஏங்க, நாளைக்கி தமிழுக்கும் சேத்து எடுத்துக்கினு வாங்க.”